எந்தத் தண்ணீர் என்று கேட்ட அற்புதம்மா

மாரண்டஹள்ளிச் சந்தையில் அவரைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. பாலக்கோட்டிலிருந்து வந்த பஸ்ஸின் டிரைவர், வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் தலையை வெளியே நீட்டி, "கம்பவுண்டரே, கரட்டுப்பட்டி நர்சம்மா போயிட்டாங்களாமுங்க. காலையில" என்றார். அடுத்த ஆளை ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். எந்த நர்சம்மா என்று நான் கேட்கவில்லை. கரட்டுப்பட்டிக்கு ஒரே நர்சம்மாதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன ஊற்றை இனி யார் காப்பாற்றுவார்கள் என்ற பயம். வாங்கிய அவரைக்காயைக் கடைக்காரியிடமே கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அழுகை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

அவரை அறிந்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரிய அற்புதம் என்பது முழுப்பெயர். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹெல்த் விசிட்டராக இருந்தார். பிறந்து வளர்ந்தது கரட்டுப்பட்டியிலேயே, கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில். அந்த ஊரில் பாதிப்பேர் மாதா கோயிலுக்குப் போவார்கள், பாதிப்பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். சாமி வேறானாலும் கிணறு ஒன்றுதான். கல் கட்டிய ஆழமான கிணறு, எந்தக் கோடையிலும் வற்றாதது. ஊரே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். காலனி மக்களுக்கு மட்டும் அந்தக் கிணறு இல்லை. அவர்கள் ஏரிக்கரைக்குக் கீழே சேற்றில் இறங்கி, ஊறி வருகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடித்தார்கள். இதில் என்ன விசேஷம், எல்லா ஊரிலும் அப்படித்தானே என்றுதான் அப்போது நானும் நினைத்தேன்.

சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த புதிதில் அவர் எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். நான் அங்கே மருந்து கலக்குகிறவன். தினமும் காலையில் நிற்கும் கூட்டத்தில் பாதி, முதுகுவலியும் மூட்டுவலியும்தான். அவர்களுக்கென்றே ஒரு பெரிய ஜாடியில் மிக்சர் கலக்கி வைத்திருப்பேன். சிவப்பு நிறம், கொஞ்சம் கசப்பு. வந்தவர்கள் நாற்பது வயதுக்காரர்கள். ஆனால் பக்கத்தில் ஒருவர் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார்கள், முழு உடம்பையும் திருப்புவார்கள். சிலருக்கு அதுவும் முடியாது. முகம் மழிக்க அண்ணாந்து காட்ட முடியாத ஆண்களை நாவிதர் தரையில் படுக்க வைத்து மழிப்பாராம். பூசையில் சாமியார் நற்கருணையை உயர்த்தும்போது நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தே கும்பிடுகிறவர்கள் கரட்டுப்பட்டி மாதா கோயிலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாடுகள்கூட அங்கே விந்தி விந்தித்தான் நடக்கும். வாத உடம்பு, மண் அப்படி, முன்னோர் பாவம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

எங்கள் பதிவேட்டில் பெயர், வயது, நோய், மருந்து என்று கட்டங்கள் இருந்தன. அற்புதம்மா வந்த சில நாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இன்னொரு கட்டத்தைச் சேர்த்தார். ஊர். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு எரிச்சல். "ஏங்க சிஸ்டர், ஊர் பேரு எழுதுனா மிக்சர் இன்னும் நல்லா வேல செய்யுங்களா?" என்று கேட்டேன்.

"மிக்சர் வேல செய்யாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் கம்பவுண்டரே. எங்கருந்து வராங்கன்னாவது தெரியட்டும்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. உதடு பிரியாத சிரிப்பு. எப்போது சிரித்தாலும் அப்படித்தான், மிஞ்சினால் சேலைத் தலைப்பு வாய்க்குப் போகும். கர்வம் பிடித்த அம்மா என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

தாலுகா வரைபடம் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டினார். தையல்காரரிடம் சிவப்புத் தலை குண்டூசிகள் வாங்கி, வலிக்காரர் வந்த ஊரிலெல்லாம் குத்தினார். மழைக்காலம் போய் வெயில் வருவதற்குள் படம் பேச ஆரம்பித்துவிட்டது. ஏரிப் பாசன ஊர்கள் வெறுமையாகக் கிடந்தன. பாறைக் கரட்டைச் சுற்றிய மேட்டு ஊர்களில் சிவப்பு. எல்லாவற்றிலும் அதிகமாக அவருடைய சொந்த ஊரில். அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மருந்து கலக்க எனக்குப் பிடிக்கவில்லை. சுவரில் அம்மை வார்த்த மாதிரி இருந்தது.

அவர் முதலில் தவறாகத்தான் கணித்தார். இதை மறைக்க வேண்டியதில்லை, அவரே மறைத்ததில்லை. ஏரிப் பக்கத்து ஊர்களில் நெல் விளையும், சோறு உண்பார்கள். மேட்டில் ராகிக் களிதான் மூன்று வேளையும். களிதான் காரணம் என்று முடிவு செய்து, ஊர் ஊராகப் போய்க் களியைக் குறைக்கச் சொன்னார். எங்கள் சீமையில் போய்க் களியைக் குறை சொன்னால் என்ன நடக்கும்? கரட்டுப்பட்டிப் பெண்கள், "நர்சம்மா மாசச் சம்பளத்துல அரிசி வாங்கிப் போடுவாங்களாம், வாங்கடி வூட்டுக்கு" என்று முகத்துக்கு நேரே சிரித்தார்களாம். நானும் என் பங்குக்கு ஒரு வாரம் கிண்டல் செய்தேன். அற்புதம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கியோ தப்பு பண்றேன். காலனியிலயும் களிதான் திங்கறாங்க. அங்கருந்து ஏன் வலின்னு யாரும் வர்றதில்ல?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு வரப் பயமா இருக்கும்" என்றேன் நான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்களுக்கு ஓர் இளம் டாக்டர் வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். பிள்ளைகளின் பல்லைப் பார்த்தால் தண்ணீரில் கோளாறு இருக்கிறதா என்று தெரியும், தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு மிஞ்சினால் முதலில் பல்லைத்தான் பிடிக்கும், எலும்பைப் பிறகு பிடிக்கும் என்றார். மூன்று பேருமாகக் கரட்டுப்பட்டி ஆரம்பப் பள்ளிக்குப் போனோம். டாக்டர் கையில் டார்ச், என் கையில் பென்சில்.

பையன்கள் வாயைத் திறந்தார்கள். பெண் பிள்ளைகள் திறக்கவே மாட்டேன் என்றார்கள். கரட்டுப்பட்டியில் பெண் பார்க்க வருகிறவர்கள் எதையாவது சொல்லிப் பெண்ணைச் சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள். காவி பிடித்த பல் தெரிந்தால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே தாய்மார் சின்ன வயதிலேயே வாயை மூடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். டாக்டர் அதட்டினார். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள், பார்த்து மற்றவர்களும் அழுதார்கள்.

அற்புதம்மா டார்ச்சை டாக்டர் கையிலிருந்து வாங்கினார். பிள்ளைகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். "இங்க பாருங்க கண்ணுங்களா. நானும் இந்த ஊருப் புள்ளதான்" என்று சொல்லி, தன் வாயை நன்றாகத் திறந்து வெளிச்சத்தை அடித்துக் காட்டினார்.

பல் முழுவதும் பழுப்புக் கோடுகள். முன்பற்களின் ஓரம் அரித்துப்போயிருந்தது. அத்தனை காலமும் பக்கத்தில் இருந்து வேலை பார்த்த நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நிலையத்தில் நாங்கள் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது.

பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். அற்புதம்மா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார். "எந்தத் தண்ணி குடிக்கறே?" ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும், "பெரிய கெணத்துத் தண்ணி" என்றார்கள். வெள்ளைச் சுண்ணாம்புத் திட்டு, மஞ்சள், பழுப்பு என்று நான் எழுதிக்கொண்டே போனேன். பிறகு டார்ச் வகுப்பின் மறுபக்கம் போனது. காலனிப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்திருந்த பக்கம். முதல் பையன் வாயைத் திறந்தான். வெள்ளை வெளேரென்ற பல். அடுத்தவள், அதற்கடுத்தவன், எல்லோருக்கும் அப்படியே.

"எந்தத் தண்ணி கண்ணு?"

"ஊத்துத் தண்ணிங்க."

"நீ?"

"ஊத்துத் தண்ணிங்க."

ஊர் தன் பெரிய கிணற்றை யாரும் தொடாமல் காவல் காத்து, அந்தக் கிணற்றாலேயே கூனிப் போய்க்கொண்டிருந்தது. தொடக்கூடாது என்று விரட்டப்பட்டவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். ஏரித்தண்ணீர் மண்ணில் இறங்கி ஊறி வருவது, மழைத்தண்ணீர், அதனால் உப்பு இல்லை என்று டாக்டர் விளக்கினார். அவருக்குக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். உடனே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாம் என்றார்.

அற்புதம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஜீப்பில் ஏறிய பிறகுதான் பேசினார். "டாக்டர், கும்பிட்டுக் கேக்கறேன். இத இப்ப ஊர்ல சொல்ல வேணாம். அந்த மேப்பையும் கழட்டி உள்ள வெச்சரலாம்."

"ஏம்மா? உங்க ஊருப் புள்ளைங்கதானே?" என்றார் டாக்டர்.

"எங்க ஊருங்கறதாலதான் சொல்றேன். நல்ல தண்ணின்னு தெரியாத வரைக்கும்தான் அது காலனிக்காரங்க தண்ணி. தெரிஞ்சா எங்க ஆளுங்க விட மாட்டாங்க. ஊத்து ரொம்பச் சின்னதுங்க. ரெண்டு பக்கத்துக்கும் பத்தாதுன்னு சொல்லி வளைச்சுக்குவாங்க."

நான் குறுக்கிட்டேன். "அதுக்காகக் காரணம் தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருக்கறதா சிஸ்டர்?"

"மூடிக்கிட்டு இருக்கலாங்கல கம்பவுண்டரே. வழி பண்ணிட்டுச் சொல்லலாங்கறேன்."

அவர் சொன்ன வழி எளிமையானது. ஏரிக்கரை நெடுக இன்னும் இரண்டு மூன்று இடத்தில் ஆழமில்லாத கிணறு தோண்டி, எல்லோருக்கும் பொது என்று எழுதிப் பலகை வைத்துவிட வேண்டும். பிறகு பல்லைக் காட்டி ஊரிடம் சொல்லலாம். மனு எழுதினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். பெரிய கிணற்றுத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் பாட்டிலில் அடைத்துப் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினோம். மனு போன இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. டாக்டரும் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் நேரம் இருந்தது.

பிறகு வானம் பொய்த்தது. ஏரி வறண்டு வெடித்தது. மாடுகளைச் சந்தைக்கு ஓட்டினார்கள், வாங்க ஆள் இல்லை. ஊற்று வற்றவில்லை, ஆனால் ஒரு குடம் நிறையக் காத்திருந்து காத்திருந்து பெண்களுக்கு இடுப்பு ஒடிந்தது. அந்த நேரத்தில்தான் காலனிக்கு ரிக் வண்டி வந்தது. பாறையைத் துளைத்துப் பூமியின் அடிவயிறு வரை போய், கைப்பம்பு ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார்கள். மாலை, தேங்காய், ஆரத்தி எல்லாம் உண்டு. நானும் போய்ச் சர்க்கரை வாங்கித் தின்றேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகும் என்று கூட்டத்தில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் பம்பின் வாயில் ஒரு பாட்டிலைப் பிடித்து நிரப்பிக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து மூன்று தண்ணீருக்கும் முடிவு வந்தபோது நாங்கள் பயந்தபடியே இருந்தது. பெரிய கிணறு கெட்டது. பம்பு அதைவிடக் கெட்டது. ஊற்று நல்லது.

காலனியில் எல்லோரும் பேச்சைக் கேட்கிற பெண் சின்னத்தாயி. முப்பது வயது இருக்கும், பிள்ளைக்காரி, கல் உடைக்கப் போகிறவர். ஊர்க்காரர்கள் அவரைப் பெயர் சொல்லி ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். அற்புதம்மா மட்டும் 'அக்கா' என்பார், வயதில் தான் மூத்தவராக இருந்தும். அவரிடம் போய், பம்புத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், ஊற்றை விட்டுவிட வேண்டாம் என்று சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன்.

சின்னத்தாயி பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடியே கேட்டார். "இத்தினி வருசமா உங்க கெணத்துப் பக்கம் எங்கள அண்ட விடல. இப்ப எங்க தெருவுக்குன்னு கவருமெண்ட்டு போட்ட பைப்பையும் வேணாங்கறீங்களா? மறுக்காவும் சேத்துலயே எறங்கணுமா நாங்க?"

அற்புதம்மா மெதுவாகச் சொன்னார். "மரியாதைக்கு வெச்சுக்குங்கக்கா. துணி தொவைங்க, பாத்திரம் கழுவுங்க. வாயில மட்டும் வெக்க வேணாம். ஊத்த வுட்டுட்டீங்கன்னா அது உங்க கைய விட்டுப் போயிரும்."

"நீங்க உங்க ஊருக்குத்தான் பேசுவீங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னத்தாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். காலனி முழுவதும் பம்புக்கு மாறியது. ஊற்றில் பாசி படர்ந்தது. நடந்த தடத்தில் புல் முளைத்துவிட்டது.

ஊரும் காலனியும் கெட்ட தண்ணீரையே குடிக்கும்போது இனி மறைப்பதில் பொருளில்லை என்று அற்புதம்மா தன் அண்ணன் அந்தோணியிடம் சொன்னார். அந்தோணி ஊரில் பெரிய குடித்தனக்காரர். அவருக்கு அப்போதுதான் ரோசலி என்ற பெண் குழந்தை பிறந்திருந்தது. "நம்ம அப்பா குடிச்ச தண்ணிம்மா அது" என்றார் அவர். "அப்பாவால கடைசியில தல நிமிர முடிஞ்சுதாண்ணா?" என்று கேட்டாராம் இவர். அந்தோணி எழுந்து களத்துக்குப் போய்விட்டாராம். நம்பவில்லை என்றுதான் அற்புதம்மா நினைத்தார். அவர் நம்பிவிட்டார். அதுதான் ஆபத்தாக முடிந்தது.

கொஞ்ச நாளில், பட்டப்பகலில், அந்தோணியும் நாலைந்து பேரும் ஊற்றைச் சுற்றி வேலிக்கால் ஊன்ற ஆரம்பித்தார்கள். செய்தி கேட்டு அற்புதம்மா ஓடினார். சைக்கிளில் பின்னாலேயே நானும் போனேன். காலனிப் பெண்கள் கரைமேல் கூடி நின்றார்கள். யாரும் கீழே இறங்கவில்லை.

"காலனிக்குத்தான் பைப்பு வந்துருச்சே. இது சும்மாத்தான கெடக்குது. நம்ம புள்ளைங்க குடிக்கட்டும். நீதான நல்ல தண்ணின்னு சொன்ன?" என்றார் அந்தோணி. அவர் குரலில் கோபம்கூட இல்லை. நியாயம் பேசுகிற குரல். அதுதான் எனக்குக் கிலியூட்டியது. நாங்கள் மாதக்கணக்கில் படத்தில் குண்டூசி குத்திக் குத்திக் கண்டுபிடித்தது அந்த மனிதரின் கையில் கடப்பாரையாக நின்றது.

அற்புதம்மா அண்ணன் பக்கமிருந்து திரும்பினார். கரையைப் பார்த்து, "சின்னத்தாயக்கா, ஊத்து யாரோடது?" என்று கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சின்னத்தாயி, "எங்களோடது" என்றார்.

"அப்ப எனக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுப்பீங்களா?"

சின்னத்தாயி இறங்கி வந்தார். பாசியை விலக்கி, கொட்டாங்கச்சியில் மொண்டு நீட்டினார். ஊர்ப் பெண் ஒருத்தி காலனிப் பெண்ணின் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்ததைக் கரட்டுப்பட்டி அன்றுதான் பார்த்தது. குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னார். "வேலி போட்டா தாசில்தாருகிட்ட நானே பிராது குடுப்பேன். உம்பேருதான் மொதப் பேரா இருக்கும். தண்ணி வேணும்னா நானு கேட்ட மாதிரி கேட்டு வாங்கிக்க."

வேலிக்கால்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதோடு அண்ணன் தங்கை பேச்சும் நின்றது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வாயும் வயிறுமே சண்டைக்கு நின்றன. ஊரில் விசேஷங்களுக்கு அவரை அழைப்பதை நிறுத்தினார்கள். கோயிலில் அவர் உட்காரும் இடத்தைச் சுற்றி யாரும் உட்காராமல் இடம் விட்டார்கள். அவர் தினமும் குடத்தோடு போய், காலனியில் யாரையாவது கேட்டு, ஊற்றில் மொண்டு, ஊர்த்தெரு வழியாகவே நடந்தார். முதுகு அப்போதே இறுக ஆரம்பித்திருந்தது. அண்ணி பிலோமினா மட்டும், புருஷன் காட்டுக்குப் போன பிறகு, அத்தை வூட்டுக்குப் போய்ட்டு வா என்று ரோசலியை அனுப்பிவிடுவார். பிள்ளை அங்கே உண்டு, அங்கேயே தண்ணீர் குடித்து வளர்ந்தது.

ஒவ்வொரு வருடமும் பள்ளிக்குப் போய்ப் பல் பார்ப்பதை அவர் விடவில்லை. நான் மாரண்டஹள்ளிக்கு மாற்றலாகிப் போன பிறகும் அந்த ஒரு நாளுக்கு லீவு போட்டுவிட்டு வருவேன். ஆரம்பத்தில் மறுபக்கம் வெள்ளையாகவே இருந்தது. பம்பு வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கு வந்து, பால் பல் விழுந்து புதுப்பல் முளைத்த வருடத்தில், டார்ச் வெளிச்சத்தில் சுண்ணாம்புத் திட்டுகள் தெரிந்தன. எதிர்பார்த்துத்தான் போனோம். வகுப்பின் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டன. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கரட்டுப்பட்டியில் சமத்துவம் வந்துவிட்டது.

அற்புதம்மா அன்று சின்னத்தாயியின் வீட்டுக்குப் போனார். அவருடைய மூத்த மகனையும், பம்பு வந்த பிறகு பிறந்த இளைய மகளையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நானாக இருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். சின்னத்தாயி மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடியும் மகனைப் பார்த்தார். பிறகு மகளின் வாயைத் தன் கையாலேயே மூடினார். பத்திரமாக மூடினார்.

கடைசியாக அவரை நான் பார்த்தது இந்தக் கோடை தொடங்கும்போது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைப் பார்க்கத் திரும்ப முடியாததால் நான் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே போய் நின்றேன். "வாங்க கம்பவுண்டரே, மிக்சர் கொண்டாந்தீங்களா?" என்றார். மிக்சரைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்ய வேறு ஆள் இல்லை. சிரித்தேன், அவரும் சிரித்தார், வாயை மூடாமல். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நானு போனா மறுநாளே வேலி வருங்க. எங்கண்ணன் கெட்டவன் இல்ல. அவனுக்குக் கேட்டு வாங்கத் தெரியாது, அவ்வளவுதான். காலனிக்காரங்க மறுபடியும் ஊத்துக்கு வரணும். பொழங்கற எடத்துல யாரும் வேலி போட முடியாது."

"வருவாங்க சிஸ்டர்" என்றேன். நம்பிச் சொல்லவில்லை.

செய்தி வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். செத்தவர் மேல் எங்கள் பக்கத்தில் யாரும் கோபம் வைப்பதில்லை. அந்தோணி தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். சவப்பெட்டி வந்தாயிற்று, சாமியாரும் வந்தாயிற்று. உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வேண்டும். பிலோமினா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஊத்துத் தண்ணியிலதான் குளிப்பாட்டணும்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

அந்தோணி இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டார். குளிப்பாட்ட ஒரு குடம் போதும், இரண்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர் பின்னால் நடந்த ஆண்கள், ஊற்று இருக்கும் பக்கத்தை அளப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார்கள். "நல்ல எடம். கொஞ்சம் சுத்தம் பண்ணுனா போதும்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் உடம்பு வீட்டில் கிடக்கிறதே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அவள் என்றா எழுதிவிட்டேன்? இருக்கட்டும். அன்றைக்கு எனக்கு அவர் கூடப் பிறந்தவர்தான்.

கரையேறிப் பார்த்தபோது கீழே ஊற்றுக்குப் போக வழியில்லை. காலனிப் பெண்கள் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். சின்னத்தாயி முழங்கால் வரை சேற்றில் இறங்கி, பாசியையெல்லாம் வாரி எறிந்துவிட்டு, கொட்டாங்கச்சியால் ஒவ்வொரு குடமாக நிரப்பிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் தெருவில் பம்பு சும்மா நின்றது.

அந்தோணி பழக்க தோஷத்தில் நேராக முன்னால் போய்க் குடத்தை நீட்டினார். சின்னத்தாயி தலையைத் தூக்கவில்லை.

"சிஸ்டர குளுப்பாட்டத் தண்ணி நாங்களே மொண்டு வெச்சுட்டமுங்க. அதா, அந்தக் கல்லு மேல இருக்குது, எடுத்துட்டுப் போங்க" என்றார். பிறகு, "உங்க வூட்டுக்குன்னா, வரிசையில நில்லுங்க" என்றார்.

கரைமேல் ஊர் ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தோணி அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதாவது அசம்பாவிதம் நடக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் கல்லின் மேலிருந்த குடத்தை எடுத்துவந்து என் தோளில் ஏற்றினார். "நீங்க கொண்டுட்டுப் போங்க கம்பவுண்டரே. நானு வந்தர்றேன்" என்றார். தன் வெறும் குடங்களைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்து, சின்னத்தாயியின் இளைய மகளுக்குப் பின்னால் போய் நின்றார்.

அந்த வரிசை அடுத்த வாரமும் இருக்குமா, இல்லை அங்கே முள்வேலி இருக்குமா என்று எனக்குத் தெரியாது. கரைமேல் நின்றவர்களின் பார்வையை நான் மறக்கவில்லை. ஆகவே இதை அழகாக முடித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லி விடைபெறுகிறேன் அற்புதம்மா. நான் கொண்டுவந்த தண்ணீரில் உங்களைக் குளிப்பாட்டி முடித்தும், அண்ணன் வராததால் எடுக்கத் தாமதமாயிற்று. சாமியார் இரண்டு முறை ஆள் அனுப்பினார். ஊற்று மெதுவாகத்தான் ஊறியது, உங்கள் அண்ணன் வெயிலில் நின்று காத்திருந்தார்.